மரைன் டிரைவ் கான் மூடிகள் கடலுக்குள் நின்றன

வெள்ளவத்தையிலிருந்து:

ஆள்கூற்று முறைமையால், அதாவது இடங்களை எண்களால் குறிக்கும் முறையால், வரைபடத்தில் அவதிப்பட்டவர்கள் இங்கே எழுதுங்கள். முதலில் என்னுடையது.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் மாதம். வெள்ளவத்தையில் மழைவெள்ளம் தேங்கும் இடங்களைப் பார்ப்பதற்காக வடிகான் மூடிகளின் பட்டியல் ஒன்று எக்செல் கோப்பாக வந்தது. கிழக்கு, வடக்கு என்று மீற்றரில் இரண்டே நிரல்கள். கிழக்கு எல்லாம் 98 ஆயிரத்துச் சொச்சம், வடக்கு 186 ஆயிரத்துச் சொச்சம். எந்த முறைமை என்று ஒரு வார்த்தை இல்லை. பழைய இலங்கைக் கட்டம்தான் என்று ஊகித்து, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் நானே ஒரு முறைமை எழுதினேன். பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் நீள்கோளம், கட்டத்தின் மையம் பிதுருதலாகல மலை, அந்த மையத்துக்குக் கொடுக்கும் தொடக்க எண்களான போலிக் கிழக்கும் போலி வடக்கும் 200,000 மீற்றர். எண்கள் எல்லாம் சரி. பின்னணியில் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பைப் போட்டேன்.

மரைன் டிரைவில் இருக்க வேண்டிய மூடிகள் ரயில் பாதையையும் தாண்டிக் கடலுக்குள் நின்றன. காலி வீதி மூடிகள் மேற்கே வீட்டு வளவுகளுக்குள். ஆனால் வரிசை குலையவில்லை. வீதியின் வளைவு, ஒழுங்கைகளுக்கு இடையிலான தூரம் எல்லாம் அச்சொட்டாக இருந்தன. அளந்தால் மேற்கே 235 மீற்றர் அளவு, தெற்கே 40க்குக் கொஞ்சம் குறைவு.

நான் செய்தது என்ன தெரியுமா? எல்லாப் புள்ளிகளையும் சேர்த்துப் பிடித்து இழுத்து வைத்தேன். படம் பொருந்திவிட்டது, அனுப்பியும் விட்டேன். மூன்று வாரம் கழித்து மட்டக்களப்புக் கோப்பொன்று வந்தபோது அதே இழுப்பை அதற்கும் போட்டேன். வாவிக்கரை மூடிகள் கிழக்கே 25 மீற்றர் அளவு கூடிப்போய் நின்றன. அன்றைக்குத்தான் வயிறு கலங்கியது.

எவரெஸ்ட் நீள்கோளத்தின் மையமும் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84இன் மையமும் ஒரே இடத்தில் இல்லை. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக -97, 787, 86 மீற்றர் என்று மூன்று எண்கள் வேண்டும். நான் எழுதிய முறைமையில் அந்த மூன்றும் இல்லை. நெட்டாங்கு மாறினால் இந்த நகர்வு நிலத்தில் விழும் அளவும் மாறும். அதனால்தான் கொழும்புக்குப் பொருந்திய இழுப்பு மட்டக்களப்புக்குப் பொருந்தவில்லை. மென்பொருளின் முறைமைப் பட்டியலில் பழைய கட்டத்துக்கு ஏற்கெனவே இருந்த இபிஎஸ்ஜி குறியீட்டு எண் 5234ஐ எடுத்திருந்தால் மென்பொருளே அந்த மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கும். இரண்டு கோப்புகளையும் திருத்தி, நடந்ததை எழுதி, மறுபடி அனுப்பினேன்.

தெமட்டகொடையிலிருந்து:

எனக்கு நடந்தது பெரிய தூரம். புதிய இலங்கைக் கட்டமான 1999 கட்டத்தில் இருந்த கோப்பைப் பழைய கட்டமாகத் திறந்துவிட்டேன். புதியதில் போலி எண்கள் 500,000. கொழும்பு முழுவதும் கிழக்கே 300, வடக்கே 300 கிலோமீற்றர் போய் வங்காள விரிகுடாவில் விழுந்தது. பார்த்த உடனே பிடிபட்டது, ஒரு கெடுதலும் இல்லை. உங்களுடைய 235 மீற்றர்தான் பயங்கரம். கடல் பக்கத்தில் இல்லாமல் பொரளையில் என்றால் யாருக்குக் கண்ணில் பட்டிருக்கும்?

இப்போது கோப்பு வந்ததும் முதல் எண்ணைத்தான் பார்ப்பேன். கோட்டைப் பக்கம் கிழக்கு 98 ஆயிரம் அளவில் இருந்தால் பழையது, 398 ஆயிரம் என்றால் 1999. இரண்டும் இல்லையென்றால் நெட்டாங்கு 79.85, அகலாங்கு 6.93 என்று பாகையில் இருக்கும். நெட்டாங்கின் இடத்தில் அகலாங்கைப் போட்டு இடம் மாற்றியவர்களின் கொழும்பு ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் கிடக்கும்.

நாற்பது வருடம் நில அளவையில் இருந்தவன்:

தம்பிமார், பழைய கட்டத்தின் டேட்டத்துக்கு, அதாவது நீள்கோளத்தை நிலத்தோடு பொருத்தும் அடிப்படைக்கு, பெயர் கந்தவல. கிளிநொச்சிக் கண்டாவளை என்று நினைத்துக்கொண்டு என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இது நீர்கொழும்புப் பக்கம், நில அளவைக்குத் தொடக்கமான அடிக்கோட்டை அளந்த இடம். சில கைஜிபிஎஸ் கருவிகளின் டேட்டம் பட்டியலிலும் அந்தப் பெயர் இருக்கிறது. கருவியில் கந்தவல வைத்துப் பதிந்துவிட்டு டபிள்யூஜிஎஸ் என்று எழுதிக் கொடுப்பார்கள். அதுவும் இதே 235 மீற்றர்தான்.

திரையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். ஒரு மூடிக்காவது நேரில் போய் நில்லுங்கள்.

கிருலப்பனையிலிருந்து:

பரப்பளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. இணைய வரைபடங்களின் மேர்க்காட்டர் எறியத்திலேயே (உருண்டையான பூமியைத் தட்டையாக்கும் ஒரு முறை), அதாவது இபிஎஸ்ஜி 3857இல், தட்டையாகப் பரப்பளவு எடுத்தேன். நம்முடைய அகலாங்கில் அது ஏறத்தாழ 2 சதவீதம் கூட்டிக் காட்டும். 100 பேர்ச்சஸ் காணி 102 ஆகும். பேர்ச்சஸ் ஒன்றுக்கு இலட்சங்களில் விலை பேசும் ஊரில் இந்த 2 பேர்ச்சஸ் யாருடைய தலையில் விழும்? இப்போது 1999 கட்டத்துக்கு, அதாவது 5235க்கு, மாற்றிய பிறகுதான் அளக்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து:

ஐயா சொன்னபடி நேற்றுப் பின்னேரம் போனேன். மரைன் டிரைவில் ஓர் ஒழுங்கை முனை, இரும்பு மூடி, விளிம்பில் உப்புக் காற்றுத் துரு. அதன் மேலேயே நின்று தொலைபேசியில் இடத்தைப் பதிந்து, வீட்டுக்கு வந்து 5234 வழியாகப் பட்டியலோடு ஒப்பிட்டேன். வித்தியாசம் 4 மீற்றர். அது தொலைபேசி ஜிபிஎஸ்ஸுக்கு இருக்கக்கூடிய பிழைதான். மற்ற மூடிகளில் பத்தை ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறேன்.