நடிப்பைத் தொழிலாகக் கொள்ள விரும்புபவர் கல்லூரியில் நாடகம் படிப்பதால் பயன் உண்டா?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரையில் வணிகவியல் இளங்கலை இறுதியாண்டு படிக்கிறேன். மூன்று ஆண்டுகளாகக் கல்லூரி நாடகக் குழுவில் இருக்கிறேன். இதுவரை ஐந்து நாடகங்களில் நடித்திருக்கிறேன்; அவற்றில் இரண்டு தெருமுனை நாடகங்கள். நடிப்பைத் தவிர வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை என்பது இந்த ஓராண்டில் எனக்கு உறுதியாகிவிட்டது. அப்பா தடுக்கவில்லை. ஆனால் எங்கே போனாலும் முறையாகக் கற்றுக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறார்.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறையில் இரண்டாண்டு முதுகலை, தில்லியில் உள்ள தேசிய நாடகப் பள்ளியில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு, இவை இரண்டும் இல்லாவிட்டால் சென்னையில் நாடகக் குழு ஒன்றில் சேர்ந்து பயில்வது என்று மூன்று வழிகள் எனக்குத் தெரிகின்றன. இந்தியில் எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். படிப்பை முடித்து வெளியே வரும்போது எனக்கு 24 அல்லது 25 வயதாகியிருக்கும், அதற்குள் திரைத்துறையில் வாய்ப்புக் கடந்துவிடும் என்று உறவினர்கள் அச்சுறுத்துகிறார்கள். இத்துறையில் படித்தவர்களும் பணிபுரிபவர்களும் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஒத்திகைக்கூடம்:

தங்கைக்கு வணக்கம். நான் பல்கலைக்கழகம் ஒன்றின் நாடகத் துறையில் முதுகலை முடித்துப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. மேடையில் நடிக்கிறேன், பள்ளிகளில் நாடகம் கற்பிக்கிறேன், அவ்வப்போது படங்களில் சிறு வேடங்கள் ஏற்கிறேன். படிக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் எதற்காகப் படிக்கிறோம் என்ற தெளிவோடு சேர வேண்டும்.

துறையில் சேருவதற்கு முன்பு, சென்னையில் ஒரு பயிற்சி மையத்தில் நாற்பதாயிரம் ரூபாய் கட்டி மூன்று மாதம் பயின்றேன். கண்ணாடி முன்னால் நின்று அழுவதும், பிரபல நடிகர்களின் வசனங்களைப் பேசிக் காட்டுவதும்தான் பயிற்சி. முடிவில் வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி மேலும் பணம் கேட்டார்கள். அங்கிருந்து நான் கொண்டுவந்த கெட்ட பழக்கங்களைக் கழற்றிப் போடுவதற்கே துறையில் முதல் பருவம் முழுவதும் போயிற்று.

துறையில் நடந்ததைச் சொல்கிறேன். காலை ஐந்தரை மணிக்குப் பாயில் மல்லாந்து படுத்து, தொப்புளின் மீது உள்ளங்கையை வைத்து, ஒரே மூச்சில் 'ஆ' என்ற ஒலியை இழுக்க வேண்டும். முதல் வாரம் எனக்குப் பதினொரு விநாடிகளில் மூச்சு தீர்ந்தது. பிறகு சலங்கை கட்டி, அடவுகள் எனப்படும் தெருக்கூத்து ஆட்ட அசைவுகளைப் போட்டுக்கொண்டே பாட வேண்டும். மூன்றாவது அடியில் குரல் உடைந்துவிடும். எங்களுக்கு அடவு சொல்லிக் கொடுக்க வந்த கூத்து வாத்தியார் ஒன்றும் திட்டமாட்டார். அருகில் வந்து என் விலாவில் இரண்டு விரல்களை வைத்து, இங்கேயிருந்து பாடு என்பார். கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த புஜக்கட்டை என்னும் தோளணியையும் கிரீடத்தையும் அணிந்துகொண்டு விடிய விடிய ஆடுகிற மனிதருக்கு, மூச்சை எங்கே சேமித்து வைப்பது என்பது எந்தப் பாடநூலும் இல்லாமல் தெரிந்திருந்தது. இரண்டாம் ஆண்டில், ஐந்நூறு பேர் இருந்த திறந்த வெளியில் ஒலிவாங்கி இல்லாமல் என் குரல் கடைசி வரிசைக்குக் கேட்டது. இன்று ஒரு நாளில் மூன்று பள்ளிகளில் பேசினாலும் தொண்டை கட்டுவதில்லை. நான் கட்டிய கட்டணத்துக்கு இது ஒன்றே போதும் என்று மனதார நம்புகிறேன்.

முறையான நடிப்புப் பயிற்சி நமக்குப் புதிதும் அன்று. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாலர் நாடக சபைகளில் சிறுவர்கள் தங்கி, பாட்டும் வசனமும் வேடமும் கற்றார்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் அப்படிப்பட்ட சபைகளில் வளர்ந்தவர்கள்தான். அந்தச் சபைகள் மறைந்த பிறகு ஏற்பட்ட வெற்றிடத்தை 1977-இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிற்சிப் பட்டறையும், அதே ஆண்டு எழுத்தாளர் ந. முத்துசாமி சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை என்னும் நாடகக் குழுவும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரியிலும் உருவான நாடகத் துறைகளும் ஓரளவு நிரப்பின. புதுச்சேரியில் உருவான நாடகப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரையே வைத்தார்கள் என்பது உங்களைப் போன்ற மதுரைக்காரருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

தேசிய நாடகப் பள்ளி 1959-இல் தொடங்கப்பட்டது. பட்டம் பெற்றிருக்க வேண்டும், முன்பே நாடகங்களில் பங்கேற்றிருக்க வேண்டும் என்பவற்றோடு இந்தியிலும் ஆங்கிலத்திலும் புழங்கும் அளவு அறிவும் வேண்டும். இடங்கள் மிகக் குறைவு. முதற்கட்டத்தில் தேறியவர்களைத் தில்லிக்கு அழைத்துச் சில நாள் பட்டறை வைத்துத்தான் இறுதித் தேர்வு செய்கிறார்கள். நாட்டின் தலைசிறந்த பயிற்சி அங்கே கிடைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே பெரும்பாலும் இந்தியில்தான் நடிக்க வேண்டியிருக்கும். நடிகருக்கு மொழி என்பது நாக்கோடு நின்றுவிடுவதில்லை. தோளும் கண்ணும் எந்தச் சொல்லில் அசைகின்றன என்பதே மொழியைப் பொறுத்தது. ஓராண்டு இந்தியை ஊன்றிப் படித்துவிட்டு விண்ணப்பித்தால் அந்த வாய்ப்பு வீண்போகாது. இப்போதே தமிழில் நடிக்க விரும்பினால் புதுச்சேரிதான் உங்களுக்குப் பொருத்தம். அங்கே படிக்கும்போது, ஆரோவில்லுக்கு அருகில் வீணாபாணி சாவ்லா உருவாக்கிய ஆதிசக்தி அரங்கம் நடத்தும் பட்டறைக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். கேரளத்தின் பழைய நாடகக் கலையான கூடியாட்டத்தின் மூச்சுமுறையை இன்றைய நடிகருக்கு ஏற்றவாறு அங்கே கற்பிக்கிறார்கள்.

வருமானத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பட்டம் யாருக்கும் வேடம் வாங்கித் தராது. இந்தி நடிகர் நவாசுதீன் சித்திக் தேசிய நாடகப் பள்ளியில் 1996-இல் தேறியவர். நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது 2012-இல். அந்தப் பதினாறு ஆண்டு இடைவெளியை உங்கள் அப்பாவிடமும் மறைக்காதீர்கள். ஆனால் முதுகலை முடித்தவர் பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வை நாடகப் பாடத்தில் எழுதலாம். தேறினால் கல்லூரிப் பணிக்குத் தகுதி கிடைக்கும். என் வகுப்புத் தோழர்களில் பலர் கற்பித்தலையும் நடிப்பையும் சேர்த்தே செய்கிறார்கள்.

மணிமாடம்:

வயதைப் பற்றிய கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனெனில் என்னையும் அதே சொல்லால்தான் அச்சுறுத்தினார்கள். நான் இருபத்தேழாவது வயதில் நடிக்க வந்தேன். கதாநாயகியாக மட்டுமே நடிப்பேன் என்று இருப்பவருக்கு வயது ஒரு தடைதான். இத்துறை பெண்களுக்கு இழைக்கும் அநீதி அது, இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தாயாக, ஆசிரியராக, காவல் அதிகாரியாக, வீட்டு வேலை செய்பவராக நடிக்க ஆள் தேவைப்படாத தொடரே கிடையாது. நடிப்பு இல்லாத மாதங்களில் டப்பிங் எனக்குச் சோறு போட்டது. அதற்குத் தேவையான மூச்சும் உச்சரிப்பும் நாடகப் பயிற்சியில்தான் வந்தன. தங்கையே, இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யார் ஆடிஷனுக்கு அழைத்தாலும், அலுவலகம் எங்கே இருக்கிறது, என்ன வேடம், யார் உடனிருப்பார்கள் என்று கேளுங்கள். கேட்டதற்காகவே வாய்ப்பு போய்விட்டால், போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

கிளாப்பலகை:

நான் இணை இயக்குநராகப் பணிபுரிகிறேன். நடிகர் தேர்வில் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். ஒத்திகைக்கூடம் சொன்னவற்றோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் போன்றவர்கள் கூத்துப்பட்டறையிலிருந்து வந்தவர்கள். அங்கே கணக்கராகச் சேர்ந்து, நடிப்பவர்களைப் பார்த்துப் பார்த்தே விஜய் சேதுபதி கற்றுக்கொண்டார் என்பதும் பலர் அறிந்ததுதான். ஆகவே கற்பதற்குக் கல்லூரி ஒன்றே வழி என்று நான் கருதவில்லை; நல்ல குழுவும் ஒரு கல்லூரிதான்.

நாடகம் படித்து வருபவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் காணும் குறை ஒன்று உண்டு. அண்மையில் ஒரு பெண்ணுக்கு, அண்ணன் இறந்த செய்தியைத் தொலைபேசியில் கேட்கும் காட்சியைக் கொடுத்தோம். முதல் முறை கடைசி வரிசைக்காக நடித்தார். தோள் குலுங்கியது, கை நெற்றிக்குப் போயிற்று. கேமரா உன் முகத்திலிருந்து மூன்றடி தூரத்தில் இருக்கிறது, கேட்டால் மட்டும் போதும், எதையும் காட்டாதே என்றேன். இரண்டாம் முறை தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவே மறந்து, மேசையில் இருந்த தம்ளரை மெல்ல நகர்த்தி வைத்தார். அறையில் யாரும் பேசவில்லை. வேடம் அவருக்குத்தான் கிடைத்தது. பயிற்சி பெற்றவராக இருந்ததால்தான் ஒரே சொல்லில் தன்னை மாற்றிக்கொள்ள முடிந்தது. எனவே படிக்கும் காலத்திலேயே, தோழிகளை வைத்து வாரம் ஒரு காட்சியைக் கைபேசியில் பதிவு செய்து பாருங்கள். ஒரே அசைவை ஐந்து ஷாட்டிலும் ஒரே சொல்லில் செய்கிறீர்களா என்று கவனியுங்கள். படத்தொகுப்புக்கு அது தேவைப்படும். நாடகத் துறைகளில் அதற்கு நேரம் குறைவு.

வைகைக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவிடம் அந்தப் பதினாறு ஆண்டுக் கணக்கைப் படித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நெட் தேர்வைப் பற்றி மட்டும் இரண்டு முறை கேட்டார். புதுச்சேரிக்கு விண்ணப்பிக்கச் சம்மதித்துவிட்டார். செயல்முறைத் தேர்வு இருந்தால் எந்தப் பகுதியைத் தயாரிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், அண்ணா.

ஒத்திகைக்கூடம்:

சேர்க்கை முறை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். பல்கலைக்கழக அறிவிப்பையே நம்புங்கள். எப்படியிருந்தாலும் இரண்டு பகுதிகள் கையில் இருக்கட்டும். ஒன்று செய்யுள் நடையில் இருக்க வேண்டும், மூச்சும் உச்சரிப்பும் அதில் தெரிந்துவிடும். மற்றொன்று உங்கள் மதுரைப் பேச்சிலேயே இருக்கட்டும்; சந்தையிலோ பேருந்திலோ நீங்கள் நேரில் பார்த்த ஒருவரைச் செய்யுங்கள். படத்து வசனத்தைத் தொடாதீர்கள், ஏனெனில் தேர்வாளர் உங்களைப் பார்க்காமல் அந்த நடிகரைத்தான் பார்ப்பார். தெருமுனை நாடகத்தில் பழகிய குரலை அறைக்குள் பாதியாகக் குறைத்துப் பேசிப் பாருங்கள். நாளைக் காலையிலிருந்தே பாயை விரித்து அந்த 'ஆ' ஒலியைத் தொடங்குங்கள். எத்தனை விநாடி வருகிறது என்று குறித்து வைத்து, ஒரு மாதம் கழித்து இங்கே எழுதுங்கள்.