பெட்போர்டு வீடு குரூப்: லிதுவேனியா ரயிலும் நம்ம டஸ்ட் தேயிலை லோடும்

காலை 7:12
மஞ்சு அத்தை: *பல முறை பகிரப்பட்டது* லிதுவேனியா ரஷ்ய ரயிலை அடியோட நிறுத்திருச்சு!! கலினின்கிராட் முற்றுகை!! எல்லாருக்கும் அனுப்பவும்

மஞ்சு அத்தை: கதிரு நம்ம லோடு அங்கதான போகுது? மண்டப பாக்கி அடுத்த வாரம் கட்டணும்

கதிர்: அத்தை அது 2022 ஜூன் நியூஸ்

வித்யா: லோடு இன்னும் கொச்சிக்கே இறங்கல. குடோன்ல இருக்கு

பாபு மாமா: 👍

7:31
பெரியப்பா: மஞ்சு, பாதி உண்மை, பாதி கதை. கலினின்கிராட் ரஷ்யாவோட தனித் துண்டு. ஒரு பக்கம் லிதுவேனியா, ஒரு பக்கம் போலந்து, மிச்சம் பால்டிக் கடல். சோவியத் காலத்துல ரஷ்யாவுல இருந்து லிதுவேனியா வழியா அங்க போற ரயிலுக்கு நடுவுல எல்லையே இல்ல. 1991ல எல்லை வந்துச்சு. 2004 மே 1ல ரெண்டு நாடும் ஐரோப்பிய யூனியன்ல சேர்ந்தாங்க, அதோட அது யூனியன் தலைமை இருக்கற பிரஸ்ஸல்ஸோட எல்லை ஆயிருச்சு. 2022 ஜூன் மத்தியில உக்ரைன் போருக்காக யூனியன் போட்ட தடைப் பட்டியல்ல இருந்த இரும்பு, எஃகை லிதுவேனியா மறிச்சுது. உள்ளே வர்ற சரக்குல பாதி வரைக்கும் மாட்டும்னு அந்த ஊர் கவர்னரே சொன்னார். ஜூலை 13ல பிரஸ்ஸல்ஸ் விளக்கம் குடுத்துச்சு: பட்டியல் சாமான் ரயில்ல போகலாம், முந்தின 3 வருஷ சராசரி அளவுக்கு மேல போகக் கூடாது. ரோட்டுல கூடவே கூடாது. தேயிலை அந்தப் பட்டியல்லயே கிடையாது.

பாபு மாமா: சுருக்கமா?

வித்யா: தேயிலைக்குத் தடை இல்லைங்க மாமா

மஞ்சு அத்தை: அப்ப மண்டபம் ஓகே

கதிர்: இருங்க அத்தை. தேயிலை வாங்கற பார்ட்டி க்ளைபேடால இறக்கச் சொல்றான். லிதுவேனியா துறைமுகம், அங்கருந்து கலினின்கிராட் பக்கம்தானாம்

பெரியப்பா: வேண்டாம்.

கதிர்: லாரில போயிரும்ங்கறான் பெரியப்பா

பெரியப்பா: எந்த லாரி? 2022 ஏப்ரல்ல இருந்து ரஷ்ய, பெலாரஸ் லாரிங்க யூனியன் நாட்டுக்குள்ள சரக்கு ஏத்தக் கூடாது. ரஷ்யாவுக்கும் கலினின்கிராடுக்கும் நடுவுல ஓடற டிரான்சிட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. நம்ம கன்டெய்னர் பெட்டி க்ளைபேடால இறங்குனா அது அந்தக் கணக்குல வராது, கொச்சில இருந்து வந்த சரக்கு. இதைப் போன தடவையே சொன்னேன், எவனும் கேக்கல.

பாபு மாமா: போன தடவை சொன்னது நிலம் விக்கறதப் பத்தி

வித்யா: மாமா 🙏 காலங்காத்தால வேண்டாம்

8:05
பாபு மாமா: போலந்து வழியா ரயில்?

பெரியப்பா: தண்டவாளம் வேற. போலந்து 1435 மில்லிமீட்டர், ரஷ்யா 1520. லிதுவேனியாவுலயும் 1520தான், அதனாலதான் பெலாரஸ் பக்கம் கேனா ஸ்டேஷன்ல நுழையற வண்டி மேற்கு எல்லை ஊர் கிபார்தாய் வழியா நேரா கலினின்கிராட் போயிருது. பெட்டியை இறக்கி ஏத்தற வேலை இல்ல. நாடு மாறினாலும் தண்டவாளம் மாறல.

மஞ்சு அத்தை: வர்க்கி எத்தனை கிலோ சொல்லட்டும்? மாப்ள வீட்டுல 40 பேர்

வித்யா: 10

பாபு மாமா: 15. அவங்க வீட்டு ஆளுங்களைப் பாத்திருக்கேன்

கதிர்: பெரியப்பா அப்ப எந்த வழி?

பெரியப்பா: செயின்ட் பீட்டர்ஸ்பர்க். அங்க ரஷ்ய கஸ்டம்ஸ் முடிஞ்சா பக்கத்துத் துறைமுகம் உஸ்த்-லூகால இருந்து கலினின்கிராட் துறைமுகம் பால்டிஸ்குக்கு ஃபெர்ரி. பொதுக் கடல் வழி, யாரும் மறிக்க முடியாது. பின்லாந்து வளைகுடா குளிர்ல உறையும், அதனால தேதியில இடம் விட்டு எழுது. முக்கியமா இன்வாய்ஸ்ல சிஎஃப்ஆர் (அந்தத் துறைமுகம் வரைக்கும்தான் கப்பல் கூலி நம்மது) செயின்ட் பீட்டர்ஸ்பர்க்னு மட்டும் போடு. கலினின்கிராட்னு போட்டா ஃபெர்ரிச் செலவும் நம்ம தலைல.

கதிர்: பார்ட்டி ஒத்துக்க மாட்டான்

பெரியப்பா: கேட்டுப் பாரு. செங்கடல் பக்கம் போகாத கப்பல்னா ஆப்பிரிக்காவோட தென்கோடி கேப் சுத்தி வரும், பத்து நாளுக்கு மேல கூடும். அதையும் இப்பவே சொல்லிரு.

பாபு மாமா: சென்னை–விளாடிவோஸ்டோக்னு 24 நாள் கப்பல் இருக்கே

பெரியப்பா: விளாடிவோஸ்டோக் ரஷ்யாவோட கிழக்குக் கோடி, கலினின்கிராட் மேற்குக் கோடி. நடுவுல சைபீரியா பூராவும் ரயில்.

பாபு மாமா: 😶

8:40
வித்யா: பணம் எப்படி வருது? அதான் விஷயம்

கதிர்: டாலர்ங்கறான்

வித்யா: டாலர் வேண்டாம். 2023 டிசம்பர்ல அமெரிக்கா உத்தரவு போட்டதுல இருந்து ரஷ்யப் பணம்னாலே பேங்க் கப்பல் பேரு, ஐஎம்ஓ நம்பர் (கப்பலோட அடையாள எண்) வரைக்கும் கேக்குது. ரூபாயில இன்வாய்ஸ் போடு. ரிசர்வ் பேங்க் 2022 ஜூலை 11ல சர்க்குலர் விட்டிருக்கு, அவங்க பேங்க் இங்க நம்ம பேங்க்ல வோஸ்ட்ரோ கணக்கு, அதாவது ரூபாய்க் கணக்கு, வெச்சிருந்தா அதுலயே வாங்கலாம். முதல்ல அவன் பேங்க் பேரு கேளு

பெரியப்பா: ரூபாய்க்கு ரஷ்யாக்காரனுக்குத் தேயிலை வித்தது ஒண்ணும் புதுசில்ல. 91 ஜூன்ல சோவியத் கூட்டாளி நாடுங்களோட பொருளாதார அமைப்பு கோமெகானைக் கலைச்சாங்க, டிசம்பர்ல சோவியத்தே இல்ல. பழைய ரூபாய்–ரூபிள் கடன் கணக்கை 93 ஜனவரிலதான் பேசி முடிச்சாங்க.

பாபு மாமா: அந்த வருஷந்தான் தாத்தா ஜீப்பை வித்தார்

மஞ்சு அத்தை: ஜீப்பை வித்தது யாருக்காகன்னு எல்லாருக்கும் தெரியும்

வித்யா: அத்தை

9:02
பெரியப்பா: கதிர், பேக்கிங். 20 பேலட், பேலட்டுக்கு 20 சாக்கு. மரப் பேலட்ல ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (மரத்தோட பூச்சி போகாம தடுக்கற சர்வதேச விதி) இருக்கணும், 56 டிகிரில 30 நிமிஷம் சூடு காட்டினது. இல்லாத ஒரு பேலட்டுக்காக முழுப் பெட்டியையும் நிறுத்துவான். கொச்சில காத்து ஈரமா இருக்கும், அந்த ஈரத்தோட அடைச்ச பெட்டி பால்டிக் குளிருக்குப் போனா கூரைல வேர்த்துச் சொட்டும். உள்ளே சுவர், கூரை எல்லாம் கிராஃப்ட் பேப்பர் ஒட்டு, ஈரம் உறிஞ்சற பை தொங்கவிடு. பிளைவுட் வாசனை அடிக்கற பெட்டி வந்தா திருப்பி அனுப்பு, டஸ்ட் உடனே வாசனை பிடிச்சுக்கும்.

கதிர்: கஸ்டம்ஸ்க்குப் போடற சரக்கு எண், எச்எஸ் கோடு 0902 40 தான?

பெரியப்பா: ஆமா, 3 கிலோவுக்கு மேல கறுப்புத் தேயிலை. பொட்டலமாப் போட்டா 0902 30, அது வேற கணக்கு.

கதிர்: பார்ட்டி இப்ப சொல்றான், பீட்டர்ஸ்பர்க் ஓகே, ஃபெர்ரி பாதிப் பாதி

பெரியப்பா: ஒத்துக்காதே.

பாபு மாமா: ஒத்துக்கோ

வித்யா: பேங்க் பேரு சொன்னானா?

கதிர்: டைப்பிங்னு காட்டுது 10 நிமிஷமா

மஞ்சு அத்தை: வர்க்கி 12 சொல்லிட்டேன்