கலைச்சொல் விவாதம்: ஸ்பெக்ட்ரல் எடிட்டிங் என்பதை ‘நிறமாலைத் திருத்தம்’ எனலாமா?

மார்த்தாண்டத்திலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். கோயில் கொடைகளில் பதிவான வில்லுப்பாட்டு, கணியான் கூத்து ஒலிநாடாக்களைக் கணினியில் ஏற்றிச் சீராக்குகிறவர்களுக்கான கையேட்டில் ஒரு சொல் முட்டி நிற்கிறது: ஸ்பெக்ட்ரல் எடிட்டிங்.

செய்யும் வேலை இதுதான். வழக்கமான அலை வடிவத்துக்குப் பதிலாக, கிடையில் நேரமும் செங்குத்தில் அதிர்வெண்ணும் ஓடும் படத்தைத் திறக்கிறோம். பாட்டின் நடுவே ஒரு வண்டி ஹாரன் அடித்திருந்தால் அது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கிடைக்கோடுகளாகத் தெரியும். அடிக்கோடு 420 ஹெர்ட்ஸ் என்றால் அடுத்தவை 840, 1,260, 1,680 என்று ஏறும். பாடகரின் குரலும் அதேபோல் அடுக்குக் கோடுகள்தான், ஆனால் கமகத்தோடு நெளியும். ஹாரன் கோடு நெளியாது. அந்த நேரான கோடுகளை மட்டும் கட்டமிட்டோ தூரிகையால் பூசியோ தேர்ந்தெடுத்து ஒலியைக் குறைக்கிறோம். அதே நொடியில் பாடிய குரல் பெரும்பாலும் தப்பிவிடும். நேரத்தை மட்டும் வெட்டும் பழைய முறையில் இது நடக்காது.

பள்ளி இயற்பியலில் ஸ்பெக்ட்ரம் ‘நிறமாலை’. ஆகவே ‘நிறமாலைத் திருத்தம்’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

அண்ணாச்சி, மறுக்கிறேன். ஒளியின் நிறமாலையில் நிறம்தான் அதிர்வெண்ணைக் காட்டுகிறது. சிவப்பு என்றால் குறைவு, ஊதா என்றால் கூடுதல். இந்தத் திரையில் நிறம் காட்டுவது ஒலியின் வலிமையை. பலமான இடம் மஞ்சளோ வெண்மையோ, அமைதி கறுப்பு. அதிர்வெண்ணைச் சொல்வது உயரம். ‘நிறமாலை’ என்று படித்துவிட்டு வருகிற பிள்ளை மஞ்சள் ஒரு சுரம், ஊதா ஒரு சுரம் என்று எண்ணித்தான் திரையைப் பார்க்கும். சொல்லே தவறான பாடம் நடத்தக்கூடாது.

இங்கே பாலக்காட்டுப் பக்கத்துப் பள்ளிகளில் மலையாளச் சொல் ‘வர்ணராஜி’, தெலுங்கில் ‘வர்ணபடம்’. இரண்டும் நிறத்தையே பிடித்திருக்கின்றன. பக்கத்து மொழிகளோடு ஒத்துப்போக அவற்றைக் கடன் வாங்கலாமே என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: பாட்டுக்காரர் காதில் ‘வர்ணம்’ என்றால் கச்சேரியின் தொடக்கத்தில் பாடும் உருப்படி. குழப்பம் இரட்டிப்பாகும்.

செங்கோட்டையிலிருந்து:

‘நிறமாலைத் திருத்தம்’ என்பதில் இன்னொரு பிழையும் இருக்கிறது. ஸ்பெக்ட்ரம் வேறு, ஸ்பெக்ட்ரோகிராம் வேறு. முதலாவது ஒரு கணத்தில் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு; அதில் நேரம் கிடையாது. நாம் கை வைப்பது இரண்டாவதில், அந்தக் கணக்கு நேரத்தோடு மாறுவதைக் காட்டும் படத்தில். ஆகவே ஸ்பெக்ட்ரம் இயற்பியல் பாடத்தில் நிறமாலையாகவே இருக்கட்டும். கருவியின் பெயரைப் படத்திலிருந்து எடுப்போம். ‘அதிர்படம்’, ‘அதிர்படத் திருத்தம்’ என்பது என் முன்மொழிவு.

படத்தின் தன்மையையும் கையேடு விளக்கவேண்டும். இது கேமரா எடுத்த படம் அல்ல. ஒலியைச் சிறு துண்டுகளாக எடுத்துக் கணக்கிட்டு வரைவது. துண்டின் நீளத்தை நாம்தான் தருகிறோம். நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியைக் கணத்துக்குக் கணம் அளந்த எண்கள்) உள்ள கோப்பில் 512 மாதிரி எடுத்தால் துண்டு 11.6 மில்லிநொடி, அதிர்வெண் 86 ஹெர்ட்ஸ் படிகளாகத்தான் பிரியும். 2,048 எடுத்தால் 46 மில்லிநொடி, 21.5 ஹெர்ட்ஸ். 8,192 எடுத்தால் 186 மில்லிநொடி, 5.4 ஹெர்ட்ஸ். நேரம் கூர்மையானால் அதிர்வெண் மங்கும், அதிர்வெண் கூர்மையானால் நேரம் மங்கும். இரண்டையும் ஒருசேரப் பெற வழியில்லை.

மின்கம்பி இரைச்சல் நம் நாட்டில் 50 ஹெர்ட்ஸ். 50, 100, 150 என்று கிடக்கும் அந்தக் கோடுகளைப் பிரித்துப் பார்க்க 8,192 வேண்டும். நாடாவின் ‘டிக்’ சத்தம் செங்குத்துக் கோடு. அதற்கு 512 போதும். 8,192 வைத்துக்கொண்டு உடுக்கையடிக்குப் பக்கத்தில் கைவைத்தால் திருத்தம் நேரத்தில் பரவி, அடி விழுவதற்கு முன்பே ஒரு முனகல் கேட்கும். அடியின் முனையும் மழுங்கும். வில்லுப்பாட்டில் வீசுகோல் வில்லைத் தட்டும் ஒவ்வொரு இடத்திலும் இந்த ஆபத்து உண்டு.

துண்டுக்குப் பலர் ‘சாளரம்’ என்கிறார்கள். புதியவர்கள் மென்பொருளின் விண்டோ என்று எடுத்துக்கொள்வார்கள். ‘துண்டு நீளம்’ போதும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

படத்திலிருந்து பெயர் எடுப்பது சரி. ‘அதிர்படம்’ மட்டும் இடறுகிறது. அது வினைத்தொகை. சுடுசோறு என்றால் சுடுகிற சோறு; அதிர்படம் என்றால் அதிர்கிற படம். இங்கே படம் அதிரவில்லை. ‘அதிர்வுப்படம்’ என்றால் நிலநடுக்கக் கருவி வரைவதைச் சொல்வதுபோல் ஆகிவிடும். ‘ஒலிப்படம்’ பேசும்படத்தை நினைவூட்டும். ‘அதிர்வெண்படம்’ என்றால் என்ன? கொஞ்சம் நீளம்தான், ஆனால் செங்குத்து அச்சில் இருப்பது எதுவோ அதையே சொல்கிறது. மட்குடம்போலப் புணர்த்தி ‘அதிர்வெட்படம்’ என்று எழுதவேண்டாம். வெட்டு என்று படிப்பார்கள்.

அலை வடிவத்தை ‘அலைப்படம்’ என்றால் இரண்டும் இணையாக நிற்கும்: அலைப்படத்தில் வெட்டுவது, அதிர்வெண்படத்தில் திருத்துவது.

மார்த்தாண்டத்திலிருந்து:

அலைப்படம், அதிர்வெண்படம் இணை பிடித்துவிட்டது. நிறமாலையை எடுத்துவிட்டேன். கையேட்டுப் பத்தி இப்போது இப்படி வருகிறது:

“ஆடாசிட்டி மென்பொருளில் தடத்தின் பட்டியைத் திறந்து, அலைப்படத்திலிருந்து அதிர்வெண்படத்துக்கு மாறுங்கள். அமைப்பில் அதிர்வெண் தேர்வை இயக்குங்கள்; இது இல்லாவிட்டால் சுட்டியை இழுக்கும்போது கட்டம் விழாது, முழு உயரமும் தேர்வாகும். ஹாரனின் ஒரு கோட்டைச் சுற்றிக் கட்டமிட்டு விளைவுகள் பட்டியிலுள்ள அதிர்வெண்படத் திருத்தக் கருவியைக் கொடுங்கள். கட்டத்துக்கு மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டும் இருந்தால் இடைப்பட்டதை மட்டும் வெட்டும். ஓர் எல்லை விடுபட்டால் அந்தப் பக்கம் முழுவதும் போய்விடும். அடுக்கிலுள்ள ஒவ்வொரு கோட்டுக்கும் இதைத் திரும்பச் செய்யுங்கள்.”

அடோபி ஆடிஷன் மென்பொருளில் ஷிஃப்ட்டும் டியும் சேர்த்து அழுத்தினால் அதிர்வெண்படம் வரும். அங்கே கட்டம், சுருக்கு, தூரிகை மூன்றும் தேர்வுக்கு உண்டு. ‘லாசோ’வுக்குச் ‘சுருக்கு’ என்று வைத்திருக்கிறேன், கயிற்றுச் சுருக்குத்தானே.

சிக்கல் இனிமேல்தான். ஐசோடோப் ஆர்எக்ஸ் மென்பொருளில் பழுதை நீக்கும் வழிகளில் இரண்டுக்குப் பெயர் வேண்டும். ஒன்று, சுற்றியிருப்பதன் அளவுக்கு வலிமையைக் குறைப்பது. அதற்குத் ‘தணிப்பு’ பொருந்தும். மற்றது, இருந்ததை எடுத்துவிட்டு, சுற்றியுள்ள ஒலியைக் கொண்டு கணக்கிட்டு நிரப்புவது. இதற்குக் கணிதச் சொல்லான ‘இடைக்கணிப்பு’ போதுமா? தையலில் கிழிசலுக்கு இழையோட்டுவதுபோல் என்பதால் ‘இழையோட்டம்’ என்றும் யோசித்தேன்.

நாகர்கோவிலிலிருந்து:

‘இழையோட்டம்’ அழகாக இருக்கிறது. அதனாலேயே வேண்டாம் என்கிறேன். நிரப்பும் கருவி உண்டாக்கும் ஒலியை யாரும் பாடவில்லை, யாரும் அடிக்கவில்லை. ஏட்டுச்சுவடியில் பின்னால் வந்தவர் எழுதிச் சேர்த்த பாட்டை நாம் என்னவென்று சொல்கிறோம்? இடைச்செருகல். வாய்மொழிக் கதைப்பாட்டின் பதிவில் அதே காரியத்தை மென்பொருள் செய்யும்போது சொல் மாறக் காரணமில்லை. ‘இடைச்செருகல்’ என்று பொத்தானில் எழுதியிருந்தால் அழுத்துகிறவர் ஒரு கணம் நின்று யோசிப்பார். அந்த நிறுத்தம் நமக்குத் தேவை.

தணிப்பிலும் ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது: மொத்தமாக அழித்துவிடுவது. சுற்றிலும் சீவண்டும் கூட்டமும் இரைந்துகொண்டிருக்க, ஒரு கட்டத்துக்குள் மட்டும் ஒன்றுமில்லாமல் போனால் காது அந்தப் பள்ளத்தை உடனே பிடிக்கும். ஹாரனைவிட அது உறுத்தும். 6 டெசிபெலில் தொடங்கி, கேட்டுக் கேட்டு, 12 வரை போகலாம். சுற்றுப்புற இரைச்சலின் மட்டம் வந்ததும் நிறுத்திவிடவேண்டும். கட்டத்தின் விளிம்பு கூர்மையாக இருந்தால் அந்த இடத்தில் கிணுகிணுவென்று ஒரு சத்தம் எழும். விளிம்பை மங்கவைக்கும் அமைப்பைப் போட்டால் அது அடங்கும்.

செங்கோட்டையிலிருந்து:

அக்கா சொல்வதன் நியாயம் புரிகிறது. ஆனாலும் 2 மில்லிநொடி ‘டிக்’கை நிரப்புவதும், ஒரு சொல்லின் மேல் விழுந்த இருமலை எடுத்துவிட்டு அரை நொடி நிரப்புவதும் ஒரே குற்றமா? முதலாவதில் இருபுறமும் உள்ள அலை ஏறக்குறைய விடையைச் சொல்லிவிடுகிறது. இரண்டாவதில் மென்பொருள் ஊகிக்கிறது. அந்த அரை நொடியில் பாடகர் வேறு எழுத்தை உச்சரித்திருந்தால் அது போயே போய்விட்டது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் சிறியதைச் செய்யவும் தயங்குவார்கள், அல்லது பெரியதற்கும் கூச்சம் விட்டுப்போகும்.

மார்த்தாண்டத்திலிருந்து:

இரண்டையும் வைத்துக்கொள்வோம். பொத்தானுக்கு ‘இடைநிரப்பு’. நிரப்பிய பிறகு பதிவேட்டில் எழுதும்போது, குரலோ கருவியோ ஒலித்த இடத்தில் நிரப்பியிருந்தால் ‘இடைச்செருகல்’ என்றே குறிக்கவேண்டும். வெறும் ‘டிக்’ என்றால் ‘இடைநிரப்பு’. அக்கா கேட்ட நிறுத்தம் எழுதும் இடத்தில் வந்துவிடும்.

நாகர்கோவிலிலிருந்து:

ஒப்புக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. மூலக் கோப்பில் யாரும் கை வைக்கக்கூடாது. ஒலிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாசா கேட்கும் குறைந்த அளவு 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 மாதிரிகள்), மாதிரிக்கு 24 பிட். அந்த அளவில் நாடாவை ஏற்றி, அதைத் தனியே வைத்துவிட்டு நகலில்தான் திருத்தவேண்டும். பதிவேட்டு வரிக்கு மாதிரி:

14 நிமிடம் 22.3 நொடி முதல் 22.9 வரை; 420, 840, 1,260, 1,680 ஹெர்ட்ஸ்; ஹாரன்; தணிப்பு 10 டெசிபெல்.

31 நிமிடம் 05.1 நொடி முதல் 05.5 வரை, முழு உயரம், இருமல், குரலின் மேல், இடைச்செருகல், மூலத்தில் கேட்கவும்.