சின்னாக்கள் வகுப்பு (ஸ்காபரோ, கனடா): சனிக்கிழமை இலை விளையாட்டு

சுகந்தி அக்கா, 7:42
வாற சனி 4–6 வயசுப் பிள்ளையளுக்கு இலை விளையாட்டு: இலைக்கு மேல பேப்பரை வைச்சுக் கிரயோனால தேய்ச்சுப் படி எடுக்கிறது, பிறகு இலையளைத் தரம் பிரிக்கிறது. 12 பேர், ஆளுக்கு 3 இலை. ஆனா 50 சேருங்கோ, கிழியும். வியாழன் பொறுக்கினால் காணும்.

நிரோஜா, 7:45
ரூஜ் பார்க்கில இப்ப வடிவான இலை கிடக்கு. அங்க அள்ளட்டோ அக்கா?

ரமணன் அண்ணா, 7:47
வேண்டாம் தங்கச்சி. அது தேசியப் பூங்கா. இலை, கல்லு, அக்கோர்ன் (ஓக் மரக் கொட்டை) ஒண்டும் எடுத்துக்கொண்டு வரக்கூடாது. வீட்டு முத்தத்தில பொறுக்குங்கோ. காட்டுப் பக்கம் போனால், மூண்டு மூண்டாச் சேர்ந்திருக்கிற சிவப்பு இலையைத் தொடாதேங்கோ. பொய்சன் ஐவி எண்ட, தொட்டால் தோல் கடிக்கிற செடியும் இப்பதான் சிவக்கும். காய்ஞ்ச பிறகும் கடி வரும்.

நிரோஜா, 7:48
நனைஞ்ச இலை எண்டால்?

சுகந்தி அக்கா, 7:53
பிளாஸ்ரிக் பையில மட்டும் கட்டி வையாதேங்கோ, வேர்த்துக் கறுத்துப் பூஞ்சணம் பிடிச்சிடும். துவாயால ஒத்திப்போட்டு, பழைய நியூஸ்பேப்பருக்க ஒண்டில ஒண்டு படாமல் அடுக்கி, மேல பாரமான புத்தகம் வையுங்கோ. சனிக்குள்ள தட்டையாகும். ஒட்டிற வேலைக்கு ஒரு கிழமை விடலாம், தேய்ச்சுப் படி எடுக்க அது சரிவராது. கிரயோன் அழுத்த அப்பளம் மாதிரி நொறுங்கும்.

வசந்தி, 7:55
தேய்க்கேக்க நரம்பு தெரியாமல் கலங்கலா வருதே, ஏன்?

சுகந்தி அக்கா, 8:01
முக்கால்வாசி, இலையைப் பிரட்டி வைக்காததுதான். நரம்பு புடைச்ச அடிப்பக்கம் மேல பாக்க வேணும். காம்பை மாஸ்கிங் ரேப்பால மேசையோட ஒட்டுங்கோ. பிள்ளை ஒரு கையால பேப்பரைப் பிடிக்கேக்க இலை கீழ நழுவித்தான் ரெட்டை ரெட்டையா விழுறது. பேப்பர் சாதாரண பிரின்ரர் பேப்பர். கலர் மட்டை தடிப்பு, அதில நரம்பு ஏறாது. கிரயோனைச் சுத்தின கடதாசியை உரிச்சு, பக்கவாட்டில படுக்கப் போட்டு, நடு நரம்பில இருந்து வெளியால தேய்க்கச் சொல்லுங்கோ. நுனியால கீறினால் பேப்பர்தான் கிழியும்.

ரமணன் அண்ணா, 8:04
பிறகு தரம் பிரிக்கிறது. நிறத்தால பிரிச்சால் 3 நிமிசத்தில முடிஞ்சிடும், சண்டையும் வரும் (ஒரே இலையில மூண்டு நிறம் கிடக்கு). விளிம்பால பிரியுங்கோ. சிவப்பு ஓக் இலையில விரல் மாதிரிப் பிரிஞ்சிருக்கிற நுனி கூர், வெள்ளை ஓக்கின்ரது உருண்டை. கண்ணை மூடித் தடவியே சொல்லலாம். மேபிளில இன்னொண்டு இருக்கு. நோர்வே மேபிளின்ர பச்சைக் காம்பை முறிச்சால் பால் வரும், சீனி மேபிளில வராது.

வசந்தி, 8:06
ஏன் நிறம் மாறுது எண்டு கேட்டால்?

ரமணன் அண்ணா, 8:08
பச்சை அழிய, உள்ளுக்க ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளிய தெரியுது. சிவப்பு அப்பிடியில்லை, அதைச் சில மரங்கள் இப்பதான் புதுசா உண்டாக்குது. பிள்ளையளுக்கு இவ்வளவும் காணும்.

நிரோஜா, 8:10
சொல் அட்டை: இலை, பழுப்பு, சருகு. சரிதானே? தளிர், கொழுந்தை வசந்தத்துக்கு விடுவம். ஆனா நிற அட்டையில பிறவுணுக்கும் பழுப்பு எண்டுதான் கிடக்கு 😅

சுகந்தி அக்கா, 8:12
அதை மாத்துங்கோ. பிறவுணுக்கு எங்கட மண்ணிறம் இருக்கு. பழுத்த இலைதான் பழுப்பு, மஞ்சள் இலையைக் காட்டியே சொல்லுங்கோ. கையில நசிச்சால் சரசரக்கிறது சருகு. சத்தத்தோட சொல்லும் ஒட்டிக்கொள்ளும்.

வசந்தி, 8:14
அக்கோர்ன் எண்ண வைக்கலாமோ?

ரமணன் அண்ணா, 8:19
வைக்கலாம், ஆனா அப்பிடியே பெட்டியில போட்டு வையாதேங்கோ. உள்ளுக்க இருக்கிற வண்டுப் புழு துளைச்சுக்கொண்டு வெளிய வரும். முதல் தண்ணியில போடுங்கோ. மிதக்கிறது அனேகமாப் பூச்சி அரிச்சது, தாழுறது நல்லது. இதையே பிள்ளையளிட்ட "மிதக்குமோ தாழுமோ" எண்டு கேட்டுச் செய்யலாம். தாழ்ந்ததைத் துடைச்சு, ஓவனில 200 பாரன்ஹீட்டில ஒரு மணித்தியாலம், தட்டில ஒரே அடுக்கா. இடையில ஒருக்காப் பிரட்டுங்கோ. நல்லா ஆறின பிறகுதான் கையில குடுக்கிறது.

சுகந்தி அக்கா, 8:22
மரக்கொட்டை அலர்ஜி இருக்கிற பிள்ளை ஆரும் எண்டால் எனக்குத் தனிய எழுதுங்கோ, அக்கோர்னை விட்டிட்டுப் பூசணி விதை எடுப்பம். தம்பி தங்கச்சி 3 வயசுக்குக் கீழ எண்டால் அந்த மேசைக்குக் கிட்டக் கொண்டராதேங்கோ, தொண்டையில சிக்கும். மினுங்கிற பெரிய மண்ணிறக் கொட்டை, அந்த ஹோர்ஸ் செஸ்நட், வேண்டவே வேண்டாம். சாப்பிட்டால் நஞ்சு.

நிரோஜா, 8:25
👍 கிரயோன் உரிக்கிற வேலை ஆருக்கு?

வசந்தி, 8:26
எனக்கு. 24தானே?

சுகந்தி அக்கா, 8:26
ஓம். மஞ்சளை விடுங்கோ, வெள்ளைப் பேப்பரில தெரியாது.