பேண்ட்ல இருந்து தனியா வந்தவங்க ஆல்பம்: மனசை விடாத ஒரே ஒரு இடம்

குருசுக்குப்பம்

ஒவ்வொருத்தரும் அவங்க ஊர்ப் பேரை மேல போட்டு எழுதுங்க. டாப் டென் லிஸ்ட் எல்லாம் வேணாம், அது எங்க தேடினாலும் கிடைக்கும். பேண்ட்ல பேர் வாங்கின ஆளு தனியாப் போட்ட ஆல்பத்துல, விடாமத் துரத்துற ஒரே ஒரு இடம். அது ஏன் அப்படிக் கேக்குதுன்னும் சொல்லணும்.

எல்லாருக்கும் தெரிஞ்சதுலயே ஆரம்பிக்கிறேன். பில் காலின்ஸ், 'ஃபேஸ் வேல்யூ', 1981, முதல் பாட்டு 'இன் தி ஏர் டுநைட்'. மூணு நிமிஷம் நாப்பது செகண்ட் வாக்குல ட்ரம்ஸ் வந்து விழுமே, அந்த இடம். அதுவரைக்கும் பின்னாடி ஓடுறது ரோலண்ட் சிஆர்-78 ரிதம் பெட்டி. 1970-லேர்ந்து ஜெனசிஸ் பேண்ட்ல ட்ரம்ஸ் வாசிச்சவரு, தன்னோட முதல் ஆல்பத்துல முதல் பாட்டுல பாதி தாண்டியும் குச்சியையே எடுக்கல. அந்தத் தெனாவெட்டு யாருக்கு வரும்! எடுத்ததும் அடி மலை மாதிரி விழுது, ஆனா எதிரொலி இழுக்கவே இல்ல, கத்தரிச்ச மாதிரி நிக்குது.

ஒண்ணு கவனிங்க. சிங்கிளா வந்த வெர்ஷன்ல தொடக்கத்துலயே கொஞ்சம் ட்ரம்ஸ் சேத்துட்டாங்க. அட்லாண்டிக் கம்பெனி அஹ்மத் எர்ட்டகன் கேட்டுக்கிட்டதுக்காகச் செஞ்சது. அதைக் கேட்டுட்டு வந்து "இதுல என்ன பெருசா இருக்கு"ன்னு கேக்காதீங்க. ஆல்பம் வெர்ஷன்தான் கணக்கு.

லாஸ்பேட்டை

இடம் சரி, ஊர் தப்பு. அந்த சத்தம் பொறந்தது 'ஃபேஸ் வேல்யூ'ல இல்ல. அதே ஜெனசிஸ்ல இருந்து 1975-ல வெளிய வந்த பீட்டர் கேப்ரியலோட மூணாவது ஆல்பத்துல, 1980. முதல் பாட்டு 'இன்ட்ரூடர்', ட்ரம்ஸ் வாசிச்சது இதே காலின்ஸ், இன்ஜினியர் ஹ்யூ பேட்கம். லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோ.

நடந்தது இதுதான். அங்க இருந்த எஸ்எஸ்எல் மிக்ஸர்ல, உள்ள வாசிக்கிறவங்க பேசுறது கண்ட்ரோல் ரூமுக்குக் கேக்கறதுக்குன்னு அறையில ஒரு மைக் தொங்கும். எந்த மூலையில நின்னு முணுமுணுத்தாலும் கேக்கணும்ல, அதுக்காக அதுல ரொம்பக் கடுமையான கம்ப்ரஸர், அதாவது பெரிய சத்தத்தை அமுக்கி சின்ன சத்தத்தைத் தூக்கிக் காட்டுறது. காலின்ஸ் அடிச்சுக்கிட்டு இருக்கும்போது அந்த மைக் திறந்து இருந்துச்சு. கருங்கல் அறையோட எதிரொலி முழுக்க நசுங்கி, வீங்கி வந்துச்சு. அதுக்கு மேல நாய்ஸ் கேட், அதாவது சத்தம் ஒரு அளவுக்குக் கீழ இறங்கினதும் மூடிக்கிற கருவி, போட்டு எதிரொலியோட வாலை வெட்டினாங்க. கேப்ரியல் வேற அந்த ஆல்பத்துல சிம்பல் கூடாதுன்னு சொல்லியிருந்தாரு. சிம்பல் அடிச்சா அது கேட்டைத் திறந்தே வெச்சிருக்கும், வெட்டு விழாது. அதனாலதான் அது அவ்ளோ சுத்தமா இருக்கு. 'இன்ட்ரூடர்' ஆரம்பிச்ச முதல் ரெண்டு அடி, அதுதான் என்னோட இடம்.

இங்க புதுச்சேரியில ஜூன் 21-க்கு ஃபெத் தெ லா முசீக் இசைத் திருவிழா வந்தா தெரு மேடையில எவனாவது இந்த ஃபில்லை அடிக்காம இருக்க மாட்டான், தகர டப்பா மாதிரி கேக்கும். மிக்ஸர்ல நிக்கிற தம்பிகளுக்குச் சொல்றேன்:

தெருவுல அறை கிடையாது, அதனால மைக்ல எதிரொலி வராது. ரிவெர்பை, அதாவது செயற்கை எதிரொலியை, மிக்ஸர்ல தனி ஆக்ஸ் வழியில போடு, ரூம் ப்ரோக்ராம், ரெண்டு செகண்ட் நீளம். ஸ்னேரும் டாமும் மட்டும் அதுக்கு அனுப்பு, ஓவர்ஹெட் மைக்கை அனுப்பாதே. ரிவெர்ப் திரும்பி வர்ற சேனல்ல முதல்ல கம்ப்ரஸர், 10:1. அப்புறம் கேட். முக்கியமான விஷயம், அந்த கேட்டைத் திறக்கறது ரிவெர்ப் சத்தமா இருக்கக் கூடாது. கேட்டை எப்பத் திறக்கணும்னு சொல்ற கீ இன்புட்ல ஸ்னேர் மைக்கைக் குடு. கேட் திறந்தே இருக்கிற நேரம், அதாவது ஹோல்டு, 200 மில்லிசெகண்ட்ல ஆரம்பிச்சு பாட்டோட வேகத்துக்கு ஏத்தி இறக்கிக்கோ. மூடுறதுக்கு எடுத்துக்கிற நேரம், அதாவது ரிலீஸ், 30-க்குள்ள. ரிலீஸை நீட்டினா வெட்டு போயிடும், சாதா கல்யாண மண்டப எதிரொலிதான் மிஞ்சும். டாமுக்கும் தனியா கீ குடுக்க வழி இல்லைன்னா ஸ்னேர், டாம் எல்லாத்தையும் ஒரு பஸ்ல சேத்து அதையே கீயா குடுக்கலாம்.

உப்பளம்

மெக்கார்ட்னி, 1970 ஏப்ரல், பேரே 'மெக்கார்ட்னி'தான். பீட்டில்ஸோட கடைசி ரெகார்டு மே மாசம் வர்றதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. வீட்டுல ஸ்டூடர் நாலு ட்ராக் மெஷின், மிக்ஸர் கிடையாது, மைக்கை நேரா மெஷின் முதுகுல சொருகி எடுத்தது. முதல் பாட்டு ஒரு நிமிஷம் கூட இல்ல. அதுல தாளம் புத்தகத்து மேல கையால தட்டினது. அந்தத் தட்டுதான் நம்ம இடம். அவ்ளோதான்.

இந்த மாதிரி மெல்லிசா இருக்கிற ஆல்பத்தைப் பழைய ரெகார்டுல கேக்கறவங்களுக்கு ஒரு விஷயம். கடல் ஓரத்துல வெச்சிருக்கிற ரெகார்டுல பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சு எடுத்துப் பாத்தா சாம்பல் புள்ளி புள்ளியா இருக்கும், ஊசி போற வழியில படபடன்னு பொரியும். ஊசியால அதை உழுது எடுக்கலாம்னு நினைக்காதீங்க, ஊசிதான் வீணாகும். முதல்ல மொட்டை மாடியில, முகத்துல மாஸ்க் கட்டிக்கிட்டு, காஞ்ச பிரஷ்ஷால தட்டணும். ரூமுக்குள்ள செஞ்சா அடுத்த ரெகார்டுக்குப் பரவும். அப்புறம் 750 மில்லி டிஸ்டில்டு வாட்டர், 250 மில்லி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், வாசனை கலர் இல்லாத பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டே சொட்டு. நுரை வந்தா ஜாஸ்தி போட்டுட்டீங்கன்னு அர்த்தம். போர் தண்ணி வேண்டவே வேண்டாம், நம்ம பக்கத்துத் தண்ணியில இருக்கிற உப்பு காஞ்சு பள்ளத்துல உக்காந்துக்கும். மைக்ரோஃபைபர் துணியால பள்ளம் போற போக்குலயே வட்டமா தேய்க்கணும், குறுக்க இழுக்கக் கூடாது. லேபிள்ல ஈரம் படக் கூடாது. திரும்ப வெறும் டிஸ்டில்டு வாட்டர்ல ஒரு அலசு. தட்டு வைக்கிற ஸ்டாண்டுல நிமித்தி வெச்சு நிழல்ல காய விடணும். வெயில்ல வெச்சா அப்பளம்தான். பழைய உள் பேப்பர் கவரைத் தூக்கிப் போட்டுடுங்க, பூஞ்சையோட விதை அதுலதான் இருக்கு. 78 வேக அரக்கு ரெகார்டுக்கு மட்டும் இந்தக் கலவை ஆகாது, ஆல்கஹால் அரக்கைக் கரைச்சுடும். அலமாரி கடல் பக்கத்துச் சுவரை ஒட்டி இருந்தா ஒரு கை அகலம் தள்ளிப் போடுங்க.

மஞ்சக்குப்பம்

ஆல்பம் கேட்டா அலமாரி வரைக்கும் போயிட்டாரு உப்பளத்து அண்ணன்.

குருசுக்குப்பம் நண்பருக்கு ஒரு ஆட்சேபணை. 1981-ல காலின்ஸ் ஜெனசிஸ்ல தான் இருந்தாரு, அதுக்கப்புறமும் பல வருஷம் இருந்தாரு. தலைப்புல "தனியா வந்தவங்க"ன்னு போட்டுட்டு இதை எப்படிச் சேத்துக்கறது? வேலையில இருந்துக்கிட்டே சைடுல செஞ்சது அது.

நிஜமா வெளிய வந்தவன் ஜார்ஜ் ஹாரிசன். 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்', 1970 நவம்பர், மூணு ரெகார்டு ஒரே பெட்டியில. தலைப்புப் பாட்டு 1969 ஜனவரியிலயே பீட்டில்ஸ் ஒத்திகையில வாசிச்சுப் பாத்து, வேணாம்னு கிடப்புல போட்டது. மத்த ரெண்டு பேரோட பாட்டுக்கு நடுவுல இவருக்கு ஆல்பத்துக்கு ஒண்ணு ரெண்டுதான் இடம். அணை உடைஞ்ச மாதிரி கொட்டிட்டாரு.

'வா-வா' பாட்டுல முதல் கிட்டார் வரி தனியா வந்து, மொத்தக் கூட்டமும் மேல வந்து விழுற இடம். ஃபில் ஸ்பெக்டர் ஒரே அறையில கிட்டார், பியானோ, ட்ரம்ஸ், சாக்ஸ், ட்ரம்பெட் எல்லாத்தையும் அடைச்சு எதிரொலியைக் கொட்டி எடுத்தது. குரல் அதுக்குள்ள முழுகிப் போவுது. 2001-ல மறுபடி வெளியிடும்போது ஹாரிசனே எழுதினாரு, எதிரொலி ஜாஸ்தியாத் தெரியுதுன்னு. 2021-ல பால் ஹிக்ஸ் புதுசா மிக்ஸ் பண்ணினது அதைக் குறைச்சுக் குரலை முன்னாடி கொண்டாந்தது. முதல்ல கேக்கறவங்க அதைக் கேளுங்க, வார்த்தை புரியும். அப்புறம் 1970-ஐக் கேளுங்க. அந்தக் கூச்சல்லதான் அவரோட கோவம் இருக்கு. 'வா-வா'வுக்கு மட்டும் என் ஓட்டு பழசுக்கு.

மூணாவது ரெகார்டு சும்மா கூடி உக்காந்து வாசிச்சது. விட்டுடலாம்.

முத்தியால்பேட்டை

பிங்க் ஃப்ளாய்டு பேண்ட்ல இருந்த ரோஜர் வாட்டர்ஸ், 'அம்யூஸ்டு டு டெத்', 1992. நாய்.

தெரிஞ்சவங்களுக்கு இதுவே போதும். தெரியாதவங்களுக்கு: முதல் பாட்டுல தூரத்துல ஒரு நாய் குரைக்கும். ஸ்பீக்கர்ல இருந்து வராது. ஸ்பீக்கருக்கும் வெளிய, பக்கத்து வீட்டுச் சுவர்கிட்ட இருந்து வரும். க்யூசவுண்டுன்னு ஒரு முறை. ரெண்டு காதுக்கும் சத்தம் போய்ச் சேர்ற நேரத்தையும் ஃபேஸையும் மாத்தி, ஸ்பீக்கர் இல்லாத இடத்துல சத்தத்தை நிறுத்தறது. நம்ம தெருவுல ராத்திரி ஒம்பது மணிக்கு மேல வெச்சீங்கன்னா எது ரெகார்டு நாய், எது முனிசிபாலிட்டி நாய்னு கண்டுபிடிக்கிறது உங்க சாமர்த்தியம்.

"எனக்கு அப்படி ஒண்ணும் கேக்கலையே"ன்னு சொல்றவங்க இதைப் பாருங்க. ப்ளூடூத் டப்பாவுல கேட்டா வராது, ஹெட்ஃபோன்லயும் சரியா வராது, அது ரெண்டு ஸ்பீக்கருக்குன்னு செஞ்சது. ஸ்பீக்கர் ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ தூரமோ அதே தூரத்துல நீங்க உக்காரணும். ட்வீட்டர் காது உயரத்துல. பக்கச் சுவர்ல இருந்து மூணு அடியாவது தள்ளி, இல்லைன்னா சுவர்ல பட்டுத் திரும்பற சத்தம் மொத்தத்தையும் கலைச்சுடும்.

இதெல்லாம் செஞ்சும் நாய் வரலைன்னா ஒரு ஸ்பீக்கர்ல வயர் மாறியிருக்கும். ஆம்ப்ல இருந்து வயரைக் கழட்டிட்டு, சாதா பென்சில் பேட்டரி 1.5 வோல்ட், ப்ளஸ்ஸை சிவப்பு முனையிலயும் மைனஸைக் கருப்பு முனையிலயும் ஒரு நொடி தொட்டு எடுங்க. கோன் முன்னாடி தள்ளணும். உள்ள இழுத்தா அந்த ஸ்பீக்கர் திரும்பி இருக்கு. குறைஞ்ச பிட்ரேட் எம்பி3-யும் வேணாம், இடது வலது வித்தியாசத்தைத்தான் அது முதல்ல தின்னும்.

ஓ.டி. ஆறுமுக்கு

வெள்ளைக்காரப் பட்டியலே ஓடுதே தம்பிகளா. குருசுக்குப்பம் போட்ட அதே 'ஃபேஸ் வேல்யூ'வுல 'ட்ரோன்டு'ன்னு ஒரு உருப்படி இருக்கும், அதுல வயலின் யாருன்னு கவர்ல பாருங்க. எல். சங்கர். மெட்ராஸ்ல பொறந்து யாழ்ப்பாணத்துல வளர்ந்தவர். ஜான் மெக்லாஃப்ளின், ஜாகிர் ஹுசைன், விக்கு விநாயக்ராம் இவங்களோட 'சக்தி'யில வாசிச்சவர்.

'சக்தி' கலைஞ்ச பிறகு 1981-ல ஈசிஎம் கம்பெனி வெளியிட்ட 'ஹூஸ் டு நோ' கேளுங்க. பக்கத்துக்கு ஒரு உருப்படி: ஒரு பக்கம் ராகம் தானம் பல்லவி, மறுபக்கம் 'ஆனந்த நடமாடும் தில்லை சங்கரா'. அவரே வடிவமைச்ச இரட்டை வயலின், ஒரே உடம்புல ரெண்டு கழுத்து, மொத்தம் பத்து தந்தி. ஒரு கழுத்து வயலின் ஸ்தாயி, இன்னொண்ணு செல்லோவுக்கும் கீழே, டபுள் பேஸ் வரைக்கும் போகும். ஆலாபனையில மேல சஞ்சாரம் பண்ணிட்டு, கீழ்க் கழுத்துக்கு வில்லை மாத்துறப்ப அடிவயித்துல இருந்து ஒரு ஷட்ஜம் வரும். சாதாரண வயலின்ல மந்திர ஸ்தாயியில முட்டி நிக்கிற இடத்துக்கும் கீழே அது. அந்த ஒரு ஸ்வரம்தான்.

தாளத்துக்கு ரெண்டு பேர், உமையாள்புரம் சிவராமன் மிருதங்கம், ஜாகிர் ஹுசைன் தபலா. யார் எப்ப வாசிக்கிறாங்கன்னு குழப்பமா இருந்தா வலது கையை விட்டுட்டு இடது கையைக் கேளுங்க. மிருதங்கத்துத் தொப்பியில, அதாவது இடது பக்கத்துல, ரவையைப் பிசைஞ்சு அப்பியிருக்கும், ஈரமா, உருண்டையா 'தொம்'னு விழும். தபலாவோட இடது கை வாத்தியமான பாயான்ல கருப்பு மை நடுவைவிட்டு ஓரமா நிரந்தரமா இருக்கும், மணிக்கட்டை அழுத்தி இழுக்கும்போது சத்தம் வழுக்கிக்கிட்டு மேல ஏறும். வழுக்கினா ஜாகிர், வழுக்காம நின்னா சிவராமன். கிட்டத்தட்ட எப்பவும் இது போதும்.

மஞ்சக்குப்பம்

ஐயா, உருப்படி அருமை, மறுக்கல. ஆனா அது கச்சேரி இல்லையா? வயலின் வித்வான் ராகம் தானம் பல்லவி வாசிக்கிறது அவர் வழக்கமா செய்யறதுதானே. 'சக்தி'தான் அவருக்கு வெளி வேலை.

ஓ.டி. ஆறுமுக்கு

அதைத்தான் சொல்றேன் தம்பி. ஹாரிசன் தனியா வந்து புதுசா ஒண்ணு கட்டினாரு. இவர் தனியா வந்து வீட்டுக்குப் போனாரு, கையில மட்டும் பத்து தந்தி. 'சக்தி'யில மெக்லாஃப்ளின் வேகத்துக்கு ஈடு குடுத்த வில்லு இங்க நின்னு நிதானமா இழுக்குது பாருங்க, பேண்டை விட்டு வந்தாதான் அது நடக்கும்.

செம்மண்டலம்

தமிழ்ல யாருமே இல்லையா? ராப் பாடகர் அறிவு, 'தெருக்குரல்', 2019. அவர் இருந்த தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் பேண்ட்ல பறை, சட்டி, கட்டமோளம், கானா, கோரஸ்னு மேடை நிறைய ஆள் இருப்பாங்க. இதுல பீட்டும் ஒரு வாயும்தான். 'கள்ள மௌனி'யில மூச்சு விடற இடம் கூடத் தெரியுது. கூட்டத்துக்குள்ள இருந்து கேட்ட அதே குரல் தனியா வந்து எதிர்ல நிக்கிறப்ப பதில் சொல்லாம இருக்க முடியாது.

லாஸ்பேட்டை

'தெருக்குரல்' அறிவும் ஆஃப்ரோவும் சேந்து போட்டது. ரெண்டு பேர் போட்டது சோலோ ஆகுமா?

செம்மண்டலம்

காலின்ஸ் ஆல்பத்துல எர்த் விண்ட் அண்ட் ஃபயர்காரங்களே வந்து ஊதியிருக்காங்க, அது சோலோ. இது மட்டும் ஆகாதோ?

லாஸ்பேட்டை

ஊதினவங்க பேர் முன் அட்டையில இல்லையே. சரி, சண்டை வேணாம், சேத்துக்கலாம். அப்படின்னா டொனால்ட் ஃபேகனோட 'தி நைட்ஃப்ளை', 1982-ஐயும் சேருங்க. ஸ்டீலி டான்ல ரெண்டு பேர், அதுல பாதி. த்ரீஎம் கம்பெனியோட 32 ட்ராக் டிஜிட்டல் மெஷின்ல எடுத்தது, அந்தக் காலத்துல அரிது. புது ஸ்பீக்கர் கட்டி முடிச்சதும் சவுண்டுக்காரங்க இதோட முதல் பாட்டைத்தான் வைப்பாங்க. பேஸ் பெருத்திருந்தா கிக் ட்ரம்மும் பேஸ் கிட்டாரும் ஒட்டிக்கிட்டு ஒரே கட்டியா கேக்கும், சரியா இருந்தா ரெண்டும் தனித்தனியா நிக்கும்.

உப்பளம்

ரெகார்டுக்கு வெளி கவர் வாங்கறவங்க பிவிசி கவர் வாங்காதீங்க. நாள் ஆக ஆக பிளாஸ்டிக்ல இருந்து எண்ணெய் மாதிரி கசிஞ்சு ரெகார்டு மேல பனி படிஞ்ச மாதிரி ஆயிடும், அது எந்தக் கலவைக்கும் போகாது. பாலிப்ராப்பிலீன்னு கேட்டு வாங்குங்க. கசக்கினா மொறுமொறுன்னு சத்தம் வரும்.