கூலி வேலையிலிருந்து சோலார் வேலைக்கு: 30 பேர் பயிற்சிக்கு எங்கே பணம் கேட்பது?

பாமணி:
வணக்கம். நடவுக்கும் அறுப்புக்கும் மெஷின் வந்தபிறகு மன்னார்குடி, கோட்டூர்ப் பக்கம் கூலி வேலை குறைந்துபோன 30 பேரை, வீட்டு மாடியில் சோலார் மாட்டும் வேலைக்குத் தயார்செய்ய எங்கள் அறக்கட்டளை திட்டமிடுகிறது. வயது 22 முதல் 45 வரை. பெரும்பாலும் பத்தாம் வகுப்பு. ஆறேழு பேருக்கு மோட்டார், வயரிங் வேலை தெரியும். அரசுத் திட்டமே போதுமா, கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் சி.எஸ்.ஆர். பணமும் கேட்க வேண்டுமா? எந்த மாதம் தொடங்கினால் சரியாக இருக்கும்?

வெண்ணாறு:
தோழர், பயிற்சிக் கட்டணத்துக்கு வழி கிடைத்துவிடும். பேட்ச் உடைவது கூலி இழப்பால்தான். இரண்டாவது வாரம் ஒருவர் களைபறிக்கப் போவார், அவர் பின்னாலேயே நாலு பேர் போவார்கள். வருகை குறைந்தால் தேர்வுக்கு உட்கார முடியாது, பயிற்சி நிறுவனத்துக்கும் பணம் வராது. அதனால் பட்ஜெட்டில் முதல் வரி கூலி ஈடாக இருக்கட்டும். நாளைக்கு 400 ரூபாய் என்று போட்டாலும் 40 நாளுக்கு, 30 பேருக்கு 4,80,000 ரூபாய். பஸ் செலவும் மதியச் சாப்பாடும் தனி.

தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் பணம் பதிவுபெற்ற பயிற்சி நிறுவனத்துக்குப் போகும், உங்கள் கணக்குக்கு வராது. மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்டு, சோலார் பாடம் நடத்தும் நிறுவனத்தோடு சேருங்கள். ஆள் திரட்டுவதும் கூலி ஈடும் உங்கள் பொறுப்பு. மத்தியத் திட்டமாக இருந்தால் பொது விதிமுறைப்படி பேட்ச் தொடங்கியதும் 30 சதவீதம் வரும். மீதி, தேர்ச்சியையும் வேலையையும் பார்த்துத்தான். சிக்கல் இந்தக் கடைசித் தவணையில் இருக்கிறது. சின்ன ஒப்பந்ததாரர்கள் கூலியைக் கையில் கொடுத்தால், வேலை கிடைத்ததற்குக் காட்ட சம்பளச் சான்று இருக்காது. வீட்டு மாடி சோலாருக்கு மானியம் தரும் மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்ட இணையதளத்தில் பதிவுபெற்ற விற்பனையாளர் பட்டியல் இருக்கிறது. வங்கிக் கணக்கில் சம்பளம் போடச் சம்மதிக்கும் நாலைந்து பேரிடம், எத்தனை பேரை எடுப்பார்கள் என்று எழுதி வாங்கிவிட்டு ஆள் திரட்டுங்கள்.

மாதம்: சம்பா அறுப்பு முடிந்தாலும் மார்ச், ஏப்ரலில் உளுந்து, பயறு எடுக்கும் வேலை உண்டு. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை தொடங்கிவிடும். ஏப்ரல் 20-க்குத் தொடங்கினால் ஞாயிறு போக 40 நாள் ஜூன் முதல் வாரத்தில் முடியும். நாளைக்கு 8 மணி நேரம் என்றால் 320 மணி நேரம்தான், மத்திய அரசின் 600 மணி நேர சோலார் பயிற்சியான சூரியமித்ரா பாடம் இதில் அடங்காது. குறுகிய பாடமாகக் கேளுங்கள்.

குடமுருட்டி:
கட்டணத்தை அரசிடம் வாங்குங்கள். கூலி ஈடும் கருவிகளும் மட்டும் சி.எஸ்.ஆரில் கேளுங்கள். ஒரே செலவை இரண்டு இடத்திலும் காட்டினால் தணிக்கையில் மாட்டும். 2013 கம்பெனிகள் சட்டம் 135-ஆம் பிரிவில் வரும் கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். தொழிற்பயிற்சி அதற்குரிய பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் உங்கள் அறக்கட்டளைக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள், கம்பெனி விவகார அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர்.-1 பதிவு, இதுபோன்ற பணியில் மூன்று ஆண்டு அனுபவம் நான்கும் வேண்டும். ஒன்று குறைந்தாலும், அவை உள்ள அமைப்பு மூலமாகத்தான் போக முடியும். ஏப்ரலில் பணம் கையில் இருக்க வேண்டுமென்றால் முந்தின செப்டம்பருக்குள் விண்ணப்பம் போய்விட வேண்டும். பிப்ரவரியில் போய் நின்றால் அந்த ஆண்டுப் பணம் முடிந்திருக்கும்.

பாமணி:
மிக்க நன்றி. மோட்டார் வேலை தெரிந்தவர்களும் 40 நாள் உட்கார வேண்டுமா?

கோரையாறு:
வேண்டாம் சார். அவர்களை ஆர்.பி.எல். எனும் முன்னனுபவ அங்கீகார வழியில் அனுப்புங்கள், சில நாள் பாடமும் ஒரு தேர்வும்தான். 21 வயதும் 5 ஆண்டு வயரிங் அனுபவமும் உள்ளவர்களை மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வும் எழுதவையுங்கள். அந்தச் சான்றிதழுக்கு ஒப்பந்ததாரர்களிடம் மதிப்பு உண்டு.

ஆனால் டி.சி. பக்கப் பாடத்தில், அதாவது பேனலிலிருந்து வரும் நேர்மின்சாரம் பற்றிய பாடத்தில், அவர்களும் கட்டாயம் உட்கார வேண்டும். வீட்டு மின்சாரம் பழகியவருக்கு இதில்தான் ஆபத்து அதிகம். 540 வாட் பேனல் ஒன்று சுமார் 49 வோல்ட் தரும். ஆறைத் தொடராக மாட்டினால் 295 வோல்ட் அளவில் நிற்கும். மெயினை அணைத்தாலும் வெயில் உள்ளவரை அது போகாது. மின்னோட்டம் ஓடும்போது பேனல் வயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டரைப் பிடுங்கினால் தீப்பொறி நீண்டு எரியும், கை வெந்துவிடும். முதலில் இன்வெர்ட்டரின் ஏ.சி., அடுத்து டி.சி. ஐசொலேட்டர் சுவிட்ச் என்று அணைத்து, பிறகு டி.சி. கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டம் பூஜ்யம் என்று பார்த்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். இந்த வரிசை கைப்பழக்கமாக வேண்டும்.

கனெக்டருக்குள் வயரைப் பிடிக்கும் உலோகப் பின்னைக் கட்டிங் பிளையரால் நசுக்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். பிடிப்பு தளர்ந்து சூடேறி, சில மாதத்தில் கனெக்டர் உருகும். பின்னைச் சரியாக அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவி ஐந்து பேருக்கு ஒன்று, ஆளுக்கு 20 ஜோடி கனெக்டர், ஆக 600 ஜோடி என்று பட்ஜெட்டில் எழுதுங்கள். பயிற்சி மையங்கள் முதலில் மிச்சம்பிடிப்பது இதில்தான். மாடியிலிருந்து விழாமல் காக்கும் முழு உடல் ஹார்னஸும் ஐந்து பேருக்குக் குறைந்தது இரண்டு வேண்டும். தரையில் ஸ்டாண்டு பூட்டிக்காட்டுவதை ஏற்காதீர்கள். 2018 கஜா புயல் அடித்த ஊர்களில் வேலைக்குப் போகப் போகிறவர்கள், மாடித் தளத்தில் ஆங்கர் போல்ட் இறக்கி டார்க் ரெஞ்சால் முறுக்கிப் பழக வேண்டும்.