பள்ளிக்கான பார்சல் வரியைப் புதுப்பிக்கும் வாக்கெடுப்பு: எதைப் பார்த்து முடிவு செய்வது?

புதுமனைக்காரர் (கேள்வி):

கலிஃபோர்னியாவில் நாங்கள் வீடு வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் பள்ளி மாவட்டம் (உள்ளூர் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு), விரைவில் காலாவதியாகவிருக்கும் பார்சல் வரியை, அதாவது சொத்தின் மதிப்பைப் பாராமல் மனைகள் மீது விதிக்கும் வரியை, மேலும் எட்டு ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வாக்காளர்களிடம் ஒப்புதல் கேட்கிறது. மனை ஒன்றுக்கு ஆண்டுக்கு 298 டாலர். தொகை கூடவில்லை என்கிறார்கள். நான் கிரீன் கார்டில் இருப்பதால் வரி கட்டுவது மட்டுமே என் பங்கு. வாக்கு குடியுரிமை பெற்ற என் மனைவியுடையது. ஆனாலும் இருவரும் பேசித்தான் முடிவெடுக்க எண்ணியுள்ளோம்.

எங்களுக்கு இரண்டு ஐயங்கள். வீட்டு மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் சொத்து வரியாகச் செலுத்துகிறோம். அதில் கணிசமான பகுதி பள்ளிகளுக்குத்தான் போகிறது. வீட்டு விலைகள் இவ்வளவு ஏறியும் பள்ளிக்கு ஏன் தனியாக இன்னொரு வரி? அடுத்தது, எங்கள் சிறிய காண்டோவுக்கும் (அடுக்குமாடி வீடு) சாலை முனையிலுள்ள வணிக வளாகத்துக்கும் ஒரே 298 டாலர் என்பது எவ்வகையில் நியாயம்?

கணக்குப்பிள்ளை:

உங்கள் முதல் ஐயம் பலருக்கும் உள்ளது. வரிச்சீட்டை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. 1978இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய முன்மொழிவு 13 என்ற சட்டத் திருத்தம், அடிப்படைச் சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்துக்குள் நிறுத்தியதோடு, வீடு கைமாறும் வரை அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது என்றும் கட்டுப்படுத்தியது. உங்கள் வீடு 12 லட்சம் டாலருக்கு வாங்கப்பட்டிருந்தால் அடிப்படை வரி 12,000 டாலர். அதே போன்ற அடுத்த வீட்டில் நாற்பது ஆண்டுகளாக இருப்பவரின் வீட்டுக்கு வரிக்கணக்கில் உள்ள மதிப்பு 3 லட்சமாக இருந்தால் அவருக்கு 3,000 டாலர்தான்.

இதைவிட முக்கியமான செய்தி வேறு. 2013 முதல் நடப்பிலுள்ள நிதிப்பங்கீட்டு முறையில், பள்ளிக்கு வரும் மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு மாவட்டத்துக்குரிய தொகையை மாநிலம் முதலில் கணக்கிடுகிறது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் ஆங்கிலம் கற்கத் தொடங்கும் பிள்ளைகளும் மிகுதியாக இருந்தால் அத்தொகை கூடும். அதிலிருந்து உள்ளூர்ச் சொத்து வரி வருவாயைக் கழித்து, மிச்சத்தையே மாநிலம் தருகிறது. ஆகவே சொத்து வரி வருவாய் பெருகினால் மாநிலத்தின் பங்கு அந்த அளவுக்குச் சுருங்குமே தவிர, பள்ளியின் கையில் ஒரு டாலரும் கூடாது. உள்ளூர் வருவாயே அத்தொகையைத் தாண்டிவிடுகிற, ‘பேசிக் எய்ட்’ எனப்படும் சில மாவட்டங்கள் மட்டும் விதிவிலக்கு. பார்சல் வரியோ இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. வசூலாவது முழுவதும் மாவட்டத்திடமே தங்கும், மாணவர் எண்ணிக்கை குறைந்தாலும் குறையாது. மாவட்டங்கள் இதை விடாமல் பிடித்துக்கொள்வதன் காரணம் இதுதான்.

நியாயம் பற்றிய உங்கள் கேள்விக்கு மறுப்பில்லை. பள்ளி மாவட்டம் விதிக்கும் இத்தகைய வரி எல்லாருக்கும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பது சட்டம். வீட்டுக்கு ஒரு தொகை, வணிக மனைக்கு வேறு கணக்கு என்று அலமேடா பள்ளி மாவட்டம் 2008இல் விதித்த வரியை மேல்முறையீட்டு நீதிமன்றம் பின்னர் ஏற்கவில்லை. மனைக்கு இவ்வளவு என்பதற்கு மாற்றாக, கட்டடத்தின் சதுர அடிக்கு ஒரே வீதம் வைக்கும் மாவட்டங்களும் உண்டு. என் பார்வையில் அதுவே மேல். ஒன்று மட்டும் வேடிக்கையானது: உங்கள் வரிச்சீட்டில், நாற்பதாண்டு அண்டை வீட்டாரும் நீங்களும் ஒரே தொகை கட்டுவது இது போன்ற வரிகளில்தான்.

பழைய வாக்காளர்:

மேலே கூறியவற்றை ஏற்கிறேன். ஆனால் ‘புதுப்பித்தல்’ என்ற சொல்லில் மயங்கிவிட வேண்டாம். வாக்குச்சீட்டில் அச்சாகும் கேள்விக்கு 75 சொற்கள்தான் இடம். அதில் நல்ல சொற்கள் மட்டுமே ஏறும். வாக்காளர் கையேட்டில் உள்ள முழு வாசகத்தையும் கவுண்டி நிர்வாகத்தின் (பள்ளி மாவட்டத்தின் அல்ல) வழக்கறிஞர் எழுதும் நடுநிலைப் பகுப்பாய்வையும் படியுங்கள். ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்ப உயர்த்தும் விதி நுழைந்திருந்தால் 298 டாலர் எட்டாம் ஆண்டில் 298 டாலராக இருக்காது. ‘தரமான ஆசிரியர்களை ஈர்த்துத் தக்கவைத்தல்’ என்று மட்டும் நோக்கம் எழுதப்பட்டிருந்தால் எந்தச் செலவையும் அதற்குள் அடக்கிவிடலாம். ‘தொடக்கப் பள்ளி நூலகர், இசை வகுப்பு’ என்று குறிப்பாக எழுதியிருந்தால் பின்னர் கேள்வி கேட்க இடமுண்டு. வசூலான தொகையைத் தனிக் கணக்கில் வைத்து, வரவையும் செலவையும் ஆண்டுதோறும் அறிக்கையாகத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முந்தைய ஆண்டுகளின் அறிக்கைகளைக் கேட்டுப் பெறுங்கள். அவற்றைத் தரத் தயங்கிய ஒரு மாவட்டத்தில் நான் ஒருமுறை எதிர்த்து வாக்களித்தேன். அதற்காக இன்றும் வருந்தவில்லை.

வகுப்பறைக்காரி:

ஆசிரியர் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். இந்த வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். நூற்றுக்கு 65 பேர் ஆம் என்றாலும் தோற்றுப்போகும். பள்ளிக் கட்டடங்களுக்கான கடன் பத்திரத்துக்கு 2000ஆம் ஆண்டிலிருந்து 55 சதவீதம் போதும், ஆனால் அந்தப் பணத்தில் சம்பளம் கொடுக்க முடியாது. ஆகவே புதிய கட்டடம் எழும்பும் அதே பள்ளியில் ஆலோசகர் பணியிடம் ஒழிவதைக் கண்டு பெற்றோர் குழம்புவது இயல்பு.

அடுத்த கல்வியாண்டில் வேலை இல்லாமல் போகலாம் என்ற முன்னறிவிப்பை ஆசிரியருக்கு மார்ச் 15க்குள் கொடுத்தாக வேண்டும். எனவே காலாவதியாகும் கடைசி மாதம் வரை மாவட்டம் காத்திருப்பதில்லை. ஓராண்டுக்கு முன்பே வாக்கெடுப்புக்கு வருவதை அவசரம் என்று கருத வேண்டாம். எனக்கு அந்தக் கடிதம் ஒருமுறை வந்தது. மே மாதத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்குள் என்னோடு கடிதம் பெற்ற இருவர் வேறு ஊர்களில் வேலை தேடிக்கொண்டுவிட்டனர்.

புதுமனைக்காரர்:

மூவருக்கும் நன்றி. முழு வாசகத்தைப் படித்தேன். விலைவாசி உயர்வு விதி இல்லை, நோக்கங்கள் ஓரளவு குறிப்பாகவே உள்ளன. அண்டை வீட்டில் எழுபது வயதைக் கடந்த ஒருவர் தனியாக வாழ்கிறார். அவருக்கு விலக்கு உண்டா?

கணக்குப்பிள்ளை:

65 வயது நிறைந்து, தம் சொந்த வீட்டில் வாழ்வோருக்கு விலக்களிக்கச் சட்டம் மாவட்டங்களை அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. விலக்கு இருந்தாலும் தானாக வந்துவிடாது, விண்ணப்பிக்க வேண்டும். சில இடங்களில் ஒருமுறை போதும், சில இடங்களில் ஆண்டுதோறும். வரி புதுப்பிக்கப்பட்டால் பழைய விண்ணப்பம் செல்லுமா என்பதையும் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிடச் சொல்லுங்கள். கடைசி நாள் தவறினால் அவ்வாண்டின் தொகை வரிச்சீட்டில் ஏறிவிடும். முதல் தவணைக்கு டிசம்பர் 10 வரைதான் அவகாசம்.